கார் ஸ்பேர் பார்ட்ஸ் விற்பனை வேலைக்கு இன்டர்வியூ: எதைப் படித்துவிட்டுப் போவது?

கேள்வி:
வணக்கம். அடுத்த வாரம் ஒரு கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டர் விற்பனை வேலைக்கு இன்டர்வியூ இருக்கிறது. இதுவரை துணிக்கடையில்தான் வேலை பார்த்தேன். வாடிக்கையாளரிடம் பேசத் தெரியும், பில் போடத் தெரியும், ஸ்டாக் எடுக்கத் தெரியும். ஆனால் காரைப் பற்றி, ஓட்டுவதைத் தவிர, பெரிதாக ஒன்றும் தெரியாது. இன்ஜின் பற்றியெல்லாம் கேட்பார்களா? அனுபவம் இல்லை என்பதை எப்படிச் சொல்வது? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1:
இன்ஜினைப் பிரிக்கச் சொல்ல மாட்டார்கள், பயப்படாதீர்கள். பெரும்பாலும் எதிரில் இருப்பவரே வாடிக்கையாளராகப் பேசிப் பார்ப்பார். "பிரேக் பேட் ஒரு செட் கொடுங்க" என்பார். உடனே விலை சொல்லிவிடாதீர்கள். எந்த மாடல், எந்த வருடம், பெட்ரோலா டீசலா, முன் சக்கரத்துக்கா பின் சக்கரத்துக்கா என்று கேளுங்கள், அதன்பிறகு சேசிஸ் நம்பரை, அதாவது ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணைக் கேளுங்கள். ஒரே மாடலில், ஒரே வருடத்திலேயே பாதியில் பார்ட் மாறியிருக்கும், அதனால் பெயரை வைத்து எடுத்தால் தப்பாகிவிடும். சேசிஸ் நம்பரில் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 17 இருக்கும். அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது, 1, 0 ஆகியவற்றோடு குழம்பக் கூடாது என்பதற்காக விட்டுவிட்டார்கள். ஃபோனில் யாராவது "ஓ" என்று படித்தால் அது பூஜ்யம்தான்.

அப்புறம் இடது, வலது. டிரைவர் சீட்டில் முன்னே பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு எது இடதோ அதுதான் இடது. காருக்கு எதிரே நின்று ஹெட்லைட்டைக் காட்டுபவருக்கு இது தலைகீழாகிவிடும், அவரிடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பிரேக் பேடை ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது, அதே ஆக்சிலின், அதாவது முன் ஜோடி அல்லது பின் ஜோடிச் சக்கரங்களின், இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

பதில் 2:
நான் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவன். அனுபவம் இல்லை என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள், அது எனக்குப் பிரச்சினையே இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்பவரைத்தான் நான் எடுக்க மாட்டேன். ஏனென்றால் காரை லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மெக்கானிக் பார்ட்டுக்காகக் காத்திருப்பார். தப்பான பார்ட் போனால் அந்த இடமே முடங்கிவிடும், அடுத்த முறை அவர் நம் கடைக்கு ஃபோன் செய்ய மாட்டார். "கேட்லாகில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பது நல்ல பதில்.

சில விஷயங்களில் விளையாடக் கூடாது. பிரேக் ஆயிலின் தரத்தை டாட் என்ற எண்ணால் குறிப்பார்கள்; டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட வகை. டாட் 5 மட்டும் சிலிகான் வகை, அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயர் இவ்வளவு ஒத்திருப்பதால் டாட் 5-க்கும் டாட் 5.1-க்கும் பலர் குழம்புகிறார்கள். உங்கள் துணிக்கடை அனுபவத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். கோபமாக வந்த ஒருவரைச் சமாதானம் செய்த விதம், ஸ்டாக் கணக்கு இடித்தபோது கண்டுபிடித்த விதம், இதையெல்லாம் ஓர் உண்மைச் சம்பவத்தோடு சொல்லுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. இன்னொரு சந்தேகம். ஒரு பொருள் கேட்டு வருபவரிடம் கூடவே இன்னொன்றையும் விற்கத் தெரியுமா என்று கேட்பார்களாமே? அது தலையில் கட்டுவது ஆகாதா?

பதில் 3:
தேவையில்லாததைக் கொடுத்தால்தான் தலையில் கட்டுவது. ஆயில் வாங்குபவரிடம் ஆயில் ஃபில்டரும், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கான வாஷரும் இருக்கிறதா என்று கேட்பது உதவி, இல்லாவிட்டால் பாதி வேலையில் அவர் திரும்ப வர வேண்டியிருக்கும். இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். பல இன்ஜின்களில், இன்ஜினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது, பெல்ட்டை மாற்றக் கழற்றும்போதே பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரையும் பம்பையும் மாற்றிவிட்டால் அதே கூலியை இரண்டாவது முறை கொடுக்க வேண்டாம். இந்தக் காரணத்தை வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள், வாங்குவதும் விடுவதும் அவர் இஷ்டம். இன்டர்வியூவிலும் இதே உதாரணத்தைச் சொல்லலாம்.

விலை குறைவாகக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்பதும் வரும். கம்பெனி ஒரிஜினலும் வெளி பிராண்டும் இரண்டையும் காட்டி, வாரண்டி எவ்வளவு, எது எங்கே வித்தியாசப்படுகிறது என்று சொல்வேன் என்றால் போதும். ஒரிஜினல் போலவே அச்சடித்த பெட்டியில் வரும் போலிச் சரக்கைத் தொடமாட்டேன் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்கள். ரிட்டர்ன் விதி என்ன என்று கேளுங்கள், முக்கியமாக சென்சார், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கம்ப்யூட்டர்) மாதிரி எலக்ட்ரிக்கல் பொருட்களுக்கு. பல கடைகளில் அவற்றைத் திரும்ப எடுக்க மாட்டார்கள், பில் போடும் முன்பே வாடிக்கையாளரிடம் அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.