ரோட்டு முடக்கிலிருந்து எங்கள் காணிக்குள் கோழிக் கழிவு கொட்டுகிறார்கள், யாரிடம் போவது?

பீலிக்கரை:
வணக்கம். நுவரெலியா மாவட்டம். தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கே வீட்டுக்கு ஆள் வரும். லயத்தை, அதுதான் தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு 7 பேர்ச் காணி வீட்டுக்கு வந்து கொஞ்சக் காலம்தான் ஆகிறது. எங்கள் வரிசைக்கு நேர் மேலே மெயின் ரோட்டு வளைவு, முடக்கு என்போம். சாமத்தில் ஒரு வண்டி வந்து நிற்கும், அப்புறம் உரப்பை உருண்டு வரும் சத்தம். விடிந்து பார்த்தால் கோழிச் செட்டை, குடல், தலை. போன கிழமை ஒரு பை அப்பாவின் போஞ்சிப் பாத்தியில் விழுந்து வெடித்துவிட்டது. கொடி ஏற்றிய குச்சியெல்லாம் ஈரச் செட்டை. அப்பா அதை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே திட்டியதை இங்கே எழுத முடியாது.

அதோடு பம்பஸ், யோகட் கப், சொப்பிங் பேக். மழை அடித்தால் அத்தனையும் கானில் இறங்கிப் பீலிக்கு வருகிறது. இருபது வீட்டுக்கும் குடிக்க அந்தத் தண்ணீர்தான். கழிவுக்கு நாய் வருகிறது, நாய்க்குச் சிறுத்தை வருகிறது. டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளை ஆள் போய்த்தான் கூட்டி வரவேண்டியிருக்கிறது.

பிரதேச சபையில் கேட்டால் “அது தோட்டக் காணி” என்கிறார்கள். தோட்ட ஆபீசில் “கொட்டுவது ரோட்டிலிருந்து, எங்களுக்கு என்ன” என்கிறார்கள். பொலிசில் “ஆள் யார் என்று தெரிந்தால் வாங்கோ” என்று அனுப்பிவிட்டார்கள். ஆள் தெரிந்தால் நான் ஏன் அங்கே போய் நிற்கிறேன்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கிளார்க்:
மகள், வாயால் சொன்னால் எந்த ஆபீசிலும் நிற்காது. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோதும் காணி குத்தகைக்குத்தான் போனது, சொந்தக்காரர் அரசாங்கம்தான். குத்தகைக்கு எடுத்தவர் காணியில் குப்பை விழுந்தால் அவருக்கு ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? தொரைக்கு, அதுதான் தோட்ட முகாமையாளருக்கு, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

மலைச்சாரல்:
சபை வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், “தோட்டக் காணி” என்பது பழைய பாட்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று காலமெல்லாம் சொல்லி வந்தார்கள். அந்தப் பிரிவை 2018இல் திருத்தியாகிவிட்டது. இன்னும் அதையே சொல்லும் அலுவலர் இருந்தால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார். அதே சட்டத்தின் 93ஆம் பிரிவு வீதிக் குப்பையை அகற்றுவது சபையின் கடமை என்கிறது. முடக்கில் கிடக்கும் பைகளுக்கு அதுவே போதும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் காணியில் இருப்பவரைத்தான் பிடிக்கும். எவனோ எறிந்த யோகட் கப்பில் உங்கள் பாத்தியில் புழு இருந்தால் வழக்கு அப்பாவுக்கு வரலாம். ஆகவே பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தேடி வருமுன் நீங்கள் முறைப்பாட்டோடு அவரிடம் போய்விடுங்கள். பீலித் தண்ணீர் விஷயத்தை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஒன்றும் நடக்கவில்லையென்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இருக்கிறது. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி நீதவான் கட்டளை போடலாம். அதற்குப் பொலிஸ் அறிக்கை இருந்தால் உதவும், அதனால் வாய்ப்பேச்சோடு விடாமல் முறைப்பாட்டைப் புத்தகத்தில் பதியச் சொல்லி இலக்கத்தை வாங்குங்கள்.

டீக்கடை ராசா:
முடக்கில் ஒரு சாமிப் படத்தை வைத்துப் பாருங்கள் அக்கா. எங்கள் பக்கம் இரண்டே நாளில் நின்றது.

பீலிக்கரை:
தம்பி, பிள்ளையார் படம் வைத்தோம். கொட்டுகிறவர் பக்தியுள்ளவர் போல, பத்தடி தள்ளிக் கொட்டினார். அது இன்னும் சரியாக எங்கள் பீலிக்கு நேர் மேலே.

மலைச்சாரல் ஐயா, மிச்சம் நன்றி. 33ஆம் பிரிவு பற்றி இங்கே ஒருத்தரும் சொல்லவில்லை. கடிதம் சிங்களத்தில் இருந்தால்தான் வேலை நடக்குமா? கிடக்கிற பைகளை எரித்துவிடலாமா?

ஊவா பெடியன்:
அக்கா, எரிக்க வேண்டாம். குப்பையை வெளியில் எரிப்பது 2017இலிருந்து தடை, வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். அதைவிட, ஆளைக் காட்டிக் கொடுப்பதே அந்தப் பைதான். பண்டாரவளைப் பக்கம் எங்களுக்கும் இதே தொல்லை. கையுறை போட்டுக்கொண்டு ஒரு பையைக் கொட்டிப் பார்த்தோம், அடியில் தீவன பில் ஒன்று, கடைப் பெயரோடு. ஈரத்தில் பாதி அழிந்திருந்தது, ஆனால் டெலிபோன் நம்பர் தெளிவாக இருந்தது. கிராம சேவகரைக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே இன்னொரு பையை அவிழ்த்தோம், அதிலும் அதே கடை. அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளைக் கண்டதும் பொலிசின் பேச்சே மாறிவிட்டது. கடைக்காரர் “லொறிக்காரனுக்குக் காசு கொடுத்தேன், அவன் எங்கே போட்டான் என்று எனக்கு எப்படித் தெரியும்” என்றார். லொறிக்காரன் பெயரைச் சொல்ல வைக்க அது போதுமாக இருந்தது.

படம் எடுத்த பிறகு கோழிக் கழிவை மட்டும் பீலிக்குக் கீழ்ப்பக்கமாக ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். மேல்பக்கம் வேண்டவே வேண்டாம்.

மலைச்சாரல்:
தமிழிலேயே எழுதலாம், தமிழும் அரசகரும மொழிதான். பிரதிகள் பிரதேச செயலாளருக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் போகட்டும். யார் யாருக்குப் பிரதி என்று கடிதத்தின் அடியில் எழுதிவிடுங்கள். முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

பீலிக்கரை:
சரி. இரண்டு பை இன்னும் அவிழ்க்காமல் தேயிலைச் செடியில் மாட்டிக் கிடக்கிறது. அப்பாவைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிராம சேவகருக்குப் பேசினேன், திங்கட்கிழமை வருகிறேன் என்றார். வந்தால் என்ன கிடைத்தது என்று எழுதுகிறேன்.