புதுப்பிப்பு: அம்மாவின் முட்டி ஆபரேஷன் முடிந்தது

அம்மாவுக்கு முட்டிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றோடொன்று இடிக்கும். மூட்டு மாற்றும்போது எலும்புகளைப் பிணைத்துப் பிடிக்கும் ஜவ்வையும் ஏன் தொடவேண்டும் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். டாக்டர் விளக்கினார்.

இப்படிப்பட்ட காலில் வெளிப்பக்க ஜவ்வு இறுகியிருக்கும், உள்பக்கம் இழுபட்டுத் தொய்ந்திருக்கும். எலும்பை மட்டும் வெட்டி உலோகத்தை வைத்தால் மூட்டு ஆடும். அதனால் இறுகிய பக்கத்தில் கத்தி நுனியால் சின்னச் சின்னக் கீறல்கள் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்களாம். "இறுக்கமான ரவிக்கைக்குத் தையல் பிரிப்பது மாதிரியா?" என்றார் அம்மா. கிட்டத்தட்ட அதேதான். காலை நீட்டியும் மடக்கியும் இருபக்க இடைவெளியும் சமமா என்று பார்த்துத்தான் மூட்டைப் பொருத்தினார்கள்.

என் பயமெல்லாம் வெளிப்பக்கம் ஓடும் நரம்பைப் பற்றித்தான்; அது அடிபட்டால் பாதம் தொங்கிவிடும். மயக்கம் தெளிந்ததும் அம்மா பாதத்தை மேலே தூக்கிக் காட்டினார். அப்புறம்தான் டீ குடிக்கப் போனேன்.