வென்டிலேட்டர் அருகில் ஓர் இஞ்ச் டேப்

குன்னூர் செவிலியர்

என் சீருடைப் பையில் பேனாவோடு தையல்காரர் இஞ்ச் டேப் ஒன்றும் கிடக்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒரு ஜனவரி இரவு. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்காவைக் கொண்டுவந்தார்கள். ஒரு வாரமாகக் காய்ச்சல், அக்குளில் சிகரெட்டால் சுட்டது போல் கருப்புப் பொருக்கு. உண்ணிக் காய்ச்சல்தான். டாக்சிசைக்ளின் மருந்து வேலை செய்வதற்குள் இரண்டு நுரையீரலிலும் நீர் கோத்துவிட்டது. ஏ.ஆர்.டி.எஸ். என்னும் கடும் மூச்சுத்திணறல் நோய். குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தோம். படிவத்தில் எடை 74 கிலோ. அதைப் பார்த்து ஒரு மூச்சுக்கு 450 மி.லி. என்று வைத்தோம். பொத்தானை அழுத்திய கை என்னுடையது. சற்று நேரத்தில் அலாரம் கத்த ஆரம்பித்தது. பிளாட்டோ அழுத்தம், அதாவது காற்று உள்ளே போய் ஒரு கணம் நிற்கும்போது நுரையீரலில் இருக்கும் அழுத்தம், 37. முப்பதைத் தாண்டவே கூடாது.

விடிவதற்கு முன் வந்த மயக்கவியல் டாக்டர் கேட்டது ஒன்றுதான்: “சிஸ்டர், இந்த அம்மா என்ன உயரம்?”

யாரும் அளக்கவில்லை. மகள் வீட்டில் ரவிக்கை தைப்பவள். அவள் கைப்பையில் டேப் இருந்தது. உச்சி முதல் குதிகால் வரை 150 செ.மீ. உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிட, பெண்களுக்கு 45.5 என்று தொடங்கி, 152.4 செ.மீ.க்கு மேல் போகும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 கூட்ட வேண்டும், குறைந்தால் கழிக்க வேண்டும். (ஆண்களுக்கு 50இல் தொடங்கும்.) கணக்கு 43 கிலோவில் நின்றது. கிலோவுக்கு 6 மி.லி. வீதம் 260. உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. அதிலும் பாதிக்கு மேல் நீர் நிறைந்திருக்க, மிச்சமிருந்த நல்ல பகுதியை நாங்கள் இரவு முழுவதும் ஊதிப் பிய்த்துக்கொண்டிருந்தோம். 2000ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில் கிலோவுக்கு 12 மி.லி. வைத்தவர்களில் 39.8 சதவீதம் பேரும், 6 மி.லி. வைத்தவர்களில் 31 சதவீதம் பேரும் இறந்தார்கள் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

அளவை இறக்கி, மூச்சு எண்ணிக்கையை ஏற்றினோம். பிளாட்டோ 28க்கு வந்தது. கார்பன் டை ஆக்சைடு ஏறியது, ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.25 வரை இறங்கினாலும் இருக்கட்டும் என்றார் டாக்டர். மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. மானிட்டரில் ஆக்சிஜன் 90ஐப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் காற்று கொடுங்களேன், சிஸ்டர்” என்று கெஞ்சினாள். 88க்கும் 95க்கும் நடுவில் இருந்தால் போதும் என்பதை அழுகிறவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

மறுநாள் ஐந்து பேர் சேர்ந்து அக்காவைக் குப்புறப் புரட்டினோம். ஒவ்வொரு தடவையும் 16 மணி நேரம், நான்கு நாட்கள். கன்னம் வீங்கியது, காது சிவந்தது, ஆக்சிஜன் ஏறியது. மூன்றாம் வாரம் வீட்டுக்குப் போனார்.

ஆம்புலன்ஸ் தொழில்நுட்பர், மேட்டுப்பாளையம்

அந்த 260இல் எங்களுக்கும் ஒரு தலைவலி உண்டு, அக்கா. மலையிறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். மூச்சுக்குழாயில் காற்று கசியாமல் அடைத்திருக்கும் கஃப் பலூன் சுருங்கும். பர்லியார் வளைவில் ஒருவருக்குத் தொண்டையில் ‘கொர்’ரென்று சத்தம் கேட்டது. ஐம்பது மி.லி. கசிந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறதே! இப்போது பாதி வழியில் ஒருமுறை பலூன் அழுத்தத்தைச் சரிபார்க்கிறேன்.

ஊட்டி டாக்டர்

நம் ஊர் உயரம் 2,240 மீட்டர். ரத்த ஆக்சிஜனை, கொடுக்கும் ஆக்சிஜன் விகிதத்தால் வகுத்து 300க்குக் கீழே என்று பார்க்கும் எல்லைக்கோட்டை, இங்கே காற்றழுத்தத்துக்கு ஏற்ப சுமார் 230 என்று திருத்த வேண்டும். இல்லாவிட்டால் லேசான நிமோனியாகூட ஏ.ஆர்.டி.எஸ். ஆகத் தெரியும். இன்னொன்று, குளிர்கால இரவில் குழாயில் நீர் தேங்கும். அதை நோயாளி பக்கம் சாய்க்காமல் வடித்துவிடுங்கள்.

கொடைக்கானல் வாசகர்

கூன் விழுந்த பாட்டிகளுக்கு உயரம் எப்படி அளப்பது, சிஸ்டர்?

குன்னூர் செவிலியர்

இரு கைகளையும் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை. ஒரு கையைத்தான் நீட்ட முடிகிறதென்றால் மார்பெலும்பின் மேல்முனையில் இருக்கும் நடுக்குழியிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து இரட்டித்துக்கொள்கிறேன்.