கிரீஸ் உள்ளே போகவேயில்லை: பழைய வண்டியும் ஆண்டுச் சோதனையும்

லண்டன் – 1966 மாரிஸ் மைனர்

நாற்பது வயதைக் கடந்த வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி. கட்டாயமில்லை என்பது எனக்குத் தெரியும்; அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் கொண்டுபோய்க் காட்டிவிடுகிறேன். சென்ற முறை விளக்குகள், வைப்பர், ஹார்ன், டயர் தொடங்கி, ஓட்டுநரின் காலடி விரிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கும் பிரேக் ஆயில் மூடி வரை எல்லாவற்றையும் பார்த்தேன். முன்சக்கரம் திரும்ப உதவும் மரையிட்ட மூட்டுகளான ட்ரன்னியன்களுக்கு கிரீஸ் அடித்தபோது, கிரீஸ் செலுத்தும் வாயான நிப்பிளைச் சுற்றிப் பிதுங்கி வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, நிரம்பிவிட்டது என்று நம்பி கிரீஸ் கன்னை ஓரமாக வைத்தேன். அந்தத் துடைப்புதான் இன்றும் உறுத்துகிறது.

சோதித்தவர் வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். ‘டக்’ என்றது. மறுபடியும் ஆட்டிவிட்டு, என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். டயரின் மேல்விளிம்பு என் உள்ளங்கைக்குள் அசைந்தது; ஆடும் பல்லை நாக்கால் தள்ளிப் பார்ப்பது போலிருந்தது. கீழ் நிப்பிளைக் கழற்றிக் காட்டினார். பழைய கிரீஸ் மெழுகாக இறுகித் துளையை அடைத்திருந்தது. நான் அடித்ததில் ஒரு துளிகூட உள்ளே போயிருக்கவில்லை. ட்ரன்னியனின் மரை முழுவதும் தேய்ந்தால் சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்து, வண்டி அந்த மூலையில் தரையில் உட்கார்ந்துவிடும். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் மகளை ஏற்றிக்கொண்டு எம் 25 நெடுஞ்சாலையில் போய்வந்திருந்தேன்.

கோயம்புத்தூர் – அம்பாசிடர், மஞ்சள் போர்டு

மேலே எழுதியவர் விரும்பிப் போகிறார். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. வாடகை வண்டி எட்டு வயதைத் தாண்டிவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றிதழுக்குக் காட்டியே ஆக வேண்டும். அந்த ஆண்டு டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்து, அடிப்பாகம் உட்பட முழுவதும் பெயின்ட் அடித்து, முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்புமாக ஸ்டிக்கர் ஒட்டி, முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சுகூட வைத்துக் கல்யாண மாப்பிள்ளையைப் போலக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துத் தரும்படி கேட்டார். எண்ணைக் காணவில்லை. பெயின்டர் அதன்மேலும் இரண்டு கோட்டு கனமாக அடித்திருந்தார். உச்சி வெயிலில், தின்னர் நனைத்த துணியும் உப்புக் காகிதமுமாக நான் மண்டியிட்டுத் தேய்க்கத் தேய்க்க, எண்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியாத அந்தப் பத்து நிமிடங்களில் எனக்குப் பின்னால் காத்திருந்த லாரிக்காரர்கள் பந்தயமே கட்டிவிட்டார்கள். எட்டுதான். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பர்மிங்காம் – ட்ரையம்ப் ஹெரால்ட்

என் அனுபவம் சிறியது: ஹேண்ட் பிரேக் போதாது என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள், கேபிளை இழுத்துக் கட்டி மறுநாளே தேறிவிட்டேன். ஆனால், லண்டன் நண்பருக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். முதலாவதாக, ட்ரன்னியனுக்கு கிரீஸ் அடித்ததே தவறு, அதற்கு ஈ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் நாளடைவில் கெட்டியாகி அவர் கண்டதைப் போலவே வழியை அடைத்துவிடும். இரண்டாவதாக, விலக்கு இருக்கும்போது சோதனைக்குப் பணம் கட்டுவதைவிட, அந்தப் பணத்தில் நல்ல ஜாக்கி ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கி, ஆண்டுக்கு இருமுறை தாமே கீழே படுத்துப் பார்ப்பது மேல். சிறிய சுத்தியலால், கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ தகட்டின் நெடுகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்கும். சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலிருந்தும் சீட் பெல்ட் பொருந்தும் இடத்திலிருந்தும் முப்பது சென்டிமீட்டருக்குள் துரு இருந்தால் அதை அண்டர்சீல் என்னும் அடிப்பாகப் பூச்சால் மறைக்காமல் புதுத் தகடு வைத்து, விளிம்பு முழுவதும் இடைவெளியில்லாமல் வெல்டிங் செய்ய வேண்டும். அங்கங்கே பொட்டு வைத்தாற்போல் வைத்த வெல்டிங்கை ஏற்கமாட்டார்கள். ரப்பர் பிரேக் குழாயை மடக்கிப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். சோதனையிலிருந்து விலக்கு என்பது பழுதான வண்டியை ஓட்டுவதற்கான அனுமதியல்ல. ஆபத்தான நிலையில் ஓட்டிப் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு.

யாழ்ப்பாணம் – ஆஸ்டின் ஏ40

இங்கே சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைதான். அதில் தேறினால்தான் வருமான உத்தரவுப்பத்திரம் (ஆண்டு வாகன வரிப் பத்திரம்) புதுப்பிக்கலாம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடிய கார் இது. அப்படிப்பட்ட காரின் புகைக்குழாய்க்குள் ஒருவர் பளபளக்கும் கருவியை நுழைத்தபோது எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன. முதல்முறை தேறவில்லை. எங்கள் கராஜ் ஐயா வாசலிலேயே பொனற்றைத் திறந்து, கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி காபரேற்றர் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பி, ‘இப்ப கொண்டு போ தம்பி, சூடு ஆறமுன்னம் போ’ என்றார். இரண்டாம் முறை தேறியது. அவர் காலமானபின் அந்தத் திருகாணியை நான் தொடவேயில்லை. அடுத்த பரிசோதனைக்கு என்ன செய்வதென்றும் விளங்கவில்லை.

லண்டன் – 1966 மாரிஸ் மைனர்

பர்மிங்காம் நண்பருக்கு: ஆயில் விடச் சொல்வது உங்கள் ட்ரையம்புக்குப் பொருந்தும், மாரிஸ் மைனருக்கு கிரீஸ்தான். என் குற்றம் கிரீஸ் அடித்ததல்ல, அடைத்திருந்த நிப்பிளைப் பார்க்காமல் விட்டது. நானேதான் கீழே படுத்துப் பார்த்தேன், பார்த்தும் தப்பவிட்டேன். இப்போது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பாரத்தை இறக்கிய பிறகே கிரீஸ் அடிக்கிறேன். புது கிரீஸ் மூட்டின் மறுபக்கத்திலிருந்து கசிந்து வருவதைக் கண்ணால் பார்க்கும்வரை கன்னைக் கீழே வைப்பதில்லை. யாழ்ப்பாண நண்பர் தமது காபரேற்றர் எந்த வகை என்று எழுதினால், தெரிந்ததைச் சொல்கிறேன்.