பல்பம் தின்ற பிள்ளை: உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்:
இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி பல்பம் தின்பாள். பல பிள்ளைகள் தின்பதுதான். ஆனால் இவள் அடுத்தவர் பல்பத்தையும் எடுத்துத் தின்று, சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பையும் சுரண்டித் தின்றாள். திருட்டு என்று எண்ணி, எல்லார் முன்னிலையிலும் கையை நீட்டச் சொல்லி அடித்தேன். நீட்டிய உள்ளங்கை வெளுத்திருந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்த மருத்துவக் குழுவினர் அவளுடைய கீழிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, இரத்தசோகை முற்றியிருக்கிறது என்றும், இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகள் இப்படித்தான் மண்ணையும் சுண்ணாம்பையும் தேடுவார்கள் என்றும் சொன்னார்கள். தாய் கரும்பு வெட்டப் போகிறவர். இரவில் மட்டுமே உலை வைப்பார்கள். காலை உணவுத் திட்டம் வந்த 2022-க்கு முந்தைய காலம் அது. விடியலில் குடித்த தேநீருக்குப் பிறகு மதியச் சத்துணவுதான் அவளுக்கு முதல் சோறு. அந்தப் பிள்ளையைத்தான் நான் அடித்தேன்.

கிராம சுகாதார செவிலியர், திருவள்ளூர் மாவட்டம்:
செங்கல் சூளையில், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். ஒன்றரை வயதுக் குழந்தையின் மேற்கையில் அளவு நாடாவைச் சுற்றினேன், 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, இது 10.8 காட்டியது. மருத்துவமனையில் தங்க வைக்க வேண்டும் என்றேன். மொழிபெயர்த்துச் சொன்ன பெண்ணிடம் தாய் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை நாள்?" என்பதுதான். முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ஓர் ஆள் குறைந்தால் கடன் கழியாது. இரண்டு வாரம் என்றதும் குழந்தையை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கல் அறுக்கும் இடத்துக்குத் திரும்பிவிட்டார். மறுவாரம் நான் சென்றபோது குடிசை காலியாக இருந்தது.

இயற்கை உணவு ஆர்வலர், கோவை:
எங்கள் தோட்டத்தில் வேலை செய்பவரின் மகன் மெலிந்திருந்தான். முருங்கைக்கீரை கொடுத்து வந்தோம், தேறினான். ஆசிரியை அம்மாவின் பதிவைப் படித்து மனம் கனத்தது. ஆயினும் எல்லாவற்றையும் வறுமையின் தலையில் போடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. முருங்கை வேலிதோறும் நிற்கிறது. கேழ்வரகு மாவில் கீரையைப் பிசைந்து அடை தட்டலாம். எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடிக்கலாம். கீரையோடு எலுமிச்சை சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். உணவோடு தேநீர் குடித்தால் அது தடைபடும், ஆகவே பிள்ளைகளுக்குத் தேநீரை அடியோடு நிறுத்த வேண்டும். இவற்றைத் தாய்மார்களுக்கு யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அங்கன்வாடிப் பணியாளர், அரியலூர் மாவட்டம்:
ஐயா, முருங்கை எங்கள் வீட்டு வாசலிலும் நின்றது. விடியற்காலை நான்கு மணிக்கே களை எடுக்கக் கிளம்பும் அம்மாவுக்குக் கீரை உருவ நேரம் இருந்ததில்லை. பசியை அடக்கத்தான் தேநீர் கொடுத்தார்; அதை நிறுத்தினால் எதைக் கொடுத்திருப்பார்? இரத்தம் குறைந்தவனுக்குக் கீரை மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது; அத்தனை தாய்மாரும் கீரையை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் தம்பிக்குக் கொடுத்த இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை, மலம் கறுத்துப்போனதைக் கண்டு பயந்து அம்மா கொட்டிவிட்டார். அது இயல்புதான் என்று ஒரு வார்த்தை சொல்ல அன்று ஆளில்லை. கழிவறை இல்லாததால் கருவேலங்காட்டுக்கு வெறுங்காலோடு போவோம். கொக்கிப்புழு பாதத்தின் வழியாகத்தான் ஏறி, குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கிறது என்பதை நான் இந்த வேலைக்கு வந்து, பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன். தம்பி முதன்முதலில் செருப்புப் போட்டது ஆறாம் வகுப்பில். அதுவும் பெரியம்மா மகன் போட்டுத் தேய்ந்தது.