ஊட்டுப்புரையில் அடுப்பு மூட்டினால் என்ன?

பயணப்பை:
பத்மநாபபுரம் அரண்மனை ஊட்டுப்புரையில பார்க்க என்ன இருக்குன்னு யாராவது சொல்லுங்க. மேல ஆயிரம், கீழ ஆயிரம்னு 2,000 பேர் உட்கார்ந்து சாப்பிட்ட இடமாம். நாங்க பார்த்தது நீளமான வெறுங்கூடமும் ஊறுகாய் ஜாடிகளும்தான். லண்டன் பக்கம் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில, இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி காலத்து அடுப்படியில இப்பவும் விறகு மூட்டி, கம்பியில இறைச்சி கோத்துச் சுட்டுக் காட்டுறாங்க. முகத்துல அனல் அடிக்குது. இங்கயும் அப்படிச் செஞ்சா என்ன?

நாஞ்சில்வாசி:
செய்யலாம், கொட்டாரம் (அரண்மனை) மிச்சமிருந்தா! இது மரத்துல இழைச்ச கட்டடம் அண்ணே. இஸ்தான்புல் தொப்காபி அரண்மனைச் சமையற்கட்டே 1574-ல தீயில போச்சு. இன்னிக்கு நாம அண்ணாந்து பார்க்குற புகைபோக்கி வரிசை, அதுக்கப்புறம் உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினான் கட்டினது. அப்புறம், வெறுங்கூடம்னு சொல்றீங்க. பந்தி நடந்த இடம் வெறுங்கூடமா இல்லாம வேற எப்படி இருக்கும்? மேசை நாற்காலி தேடினீங்களா? ஒரு முனையில நின்னு மறு முனையைப் பாருங்க. கடைசி இலைக்குக் குழம்பு சூடு ஆறாமப் போய்ச் சேரணும். எனக்கு அதை யோசிச்சாலே போதும், அனல் தேவையில்லை.

பயணப்பை:
தீயைக் காட்டிப் பயமுறுத்தாதீங்க. ஹாம்ப்டன் கோர்ட்லயும் 1986-ல பெரிய தீ பிடிச்சுது. எரிஞ்சது அரசர் அறைகள் பக்கம், அடுப்படி இல்ல. அரண்மனைக்குள்ள வேண்டாம்னா வெளி முற்றத்துல ஓட்டுக் கொட்டகை போட்டுச் சமைங்க. தொப்காபி மாதிரி சமையற்கட்டைச் சீனப் பீங்கான் காட்சியகமா ஆக்கிட்டா, கண்ணாடிக்குள்ள தட்டைப் பார்த்துட்டு வர வேண்டியதுதான்.

கரிச்சட்டி:
ரெண்டு பேரும் அடுப்பைப் பத்தியே பேசுறீங்க. இலை முன்னாடி உட்கார்ந்தது யாரு? ஊட்டுங்கற அந்த இலவசச் சாப்பாடு பிராமணர்களுக்கு. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா 1750-ல நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவச்சு, தாசனா இருந்து ஆண்டவர். அந்தப் புண்ணியக் கணக்குல வருது இந்தச் சாப்பாடு. அதே திருவிதாங்கூர்ல நாடாரும் ஈழவரும் தலைவரி கட்டினாங்க. "அன்னதானம்"னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டா, அடுப்பு எரிஞ்சாலும் எரியாட்டியும் பாதிக் கதைதான்.

இன்னொண்ணு, பயணப்பை சார். ஹாம்ப்டன் கோர்ட்ல நீங்க அனல் காய்ஞ்ச அந்தப் பெரிய அடுப்புல ஹென்றியோட சாப்பாடு வேகலை. அவருக்குத் தனிச் சமையலறை. பெரிய அடுப்பு அரண்மனை ஆட்களுக்கு, நாளுக்கு ரெண்டு வேளை நானூறு பேருக்கு மேல. எந்தத் தரத்து ஆளுக்கு என்ன கிடைச்சுதுன்னு அங்க வெளிப்படையாப் பேசுறாங்க. காப்பியடிக்கணும்னா அதைக் காப்பியடிங்க, ஒரு பலகையில எழுதி வைங்க.

பயணப்பை:
பலகை வைங்க, வேண்டாங்கல. ஆனா எத்தனை பேர் நின்னு படிப்பான்? புகையும் மசாலா வாசனையும் இருந்தா ஆள் நிப்பான். நின்னவன்கிட்டதான் தலைவரி பத்திச் சொல்ல முடியும்.

கரிச்சட்டி:
வாசனைக்கு நிக்கிற கூட்டம் பாயசம் வாங்கிட்டுப் போயிடும். சுற்றுலாத்துறை விழாக்களைப் பார்த்ததில்லையா?

நாஞ்சில்வாசி:
பாயசம்னா நானும் வரிசையில நிப்பேன், மறைக்கல. ஆனா மரக்கூரைக்குக் கீழ நெருப்பு கூடாதுங்கறதுல மாற்றமில்லை. கரிச்சட்டி சொன்ன பலகைக்கு என் ஓட்டு, அதுவும் கூடத்துக்குள்ளேயே, ஜாடிப் பக்கத்துல. மனு எழுதுறவங்க சென்னைக்கு எழுதாதீங்க. மண்ணு கன்னியாகுமரி மாவட்டம்னாலும் கொட்டாரத்தைப் பார்த்துக்கறது கேரளத் தொல்லியல் துறை. நேர்ல போறவங்க திங்கட்கிழமை வேண்டாம், பூட்டியிருக்கும்.