வார இறுதியில் பக்கத்து நகரம்: நல்ல உணவகத்தை முன்கூட்டியே கண்டறிவது எப்படி?

வழிப்போக்கன் கேட்டது:

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்பும்படி, பக்கத்து நகரத்துக்குக் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். மாடிப்படி ஏற இயலாத அம்மாவும், பசி வந்தால் பொறுக்காத ஆறு வயதுப் பிள்ளையும் உடன் வருகிறார்கள். கூகுள் வரைபடத்தில் தேடினால் பெரும்பாலான உணவகங்கள் 4.2, 4.3, 4.4 என்று ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. போன முறை அப்படி ஓர் எண்ணை நம்பிப் போய், வாசலில் முக்கால் மணி நேரம் காத்து நின்றதுதான் மிச்சம். அந்நகரில் எங்களுக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. மூன்று வேளை உணவுக்கு நம்பிப் போகக்கூடிய இடங்களை வீட்டிலிருந்தபடியே தேர்ந்தெடுக்க வழி உண்டா?

ஓரத்து இருக்கை எழுதியது:

எண்கள் ஒட்டி நிற்பதற்குக் காரணம் உண்டு. மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கொதித்தவரும்தான் மெனக்கெட்டு மதிப்புரை எழுதுகிறார்கள். 'பரவாயில்லை' என்று நினைத்தவர் பெரும்பாலும் கை கழுவிவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார். ஆகவே 4.2க்கும் 4.4க்கும் இடையிலான வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல், எத்தனை பேர் மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 30 பேர் தந்த 4.8ஐ விட 2,000 பேர் தந்த 4.3ஐ நான் நம்புவேன்.

இந்த எண்ணுக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா, சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையில், வாடிக்கையாளர்கள் மதிப்புரை எழுதும் யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்வதாகக் கண்டார். அப்படியிருக்க, போலி மதிப்புரைகள் முளைப்பதில் வியப்பென்ன? 2017இல் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர், லண்டனில் தாம் குடியிருந்த தோட்டக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற பயண மதிப்புரைத் தளத்தில் பதிவுசெய்து, நண்பர்களைக் கொண்டு மதிப்புரை எழுதவைத்து, ஒருவருக்கும் ஒரு தட்டுகூடப் பரிமாறாமலேயே அதை நகரின் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்!

என் வழக்கம் இதுதான்: மதிப்புரைகளைப் புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, மூன்று நட்சத்திரம் தந்தவர்கள் எழுதியதை மட்டும் நிதானமாகப் படிப்பேன். "சுவை நன்று, ஆனால் ஒன்பது மணிக்கு மேல் பட்டியலில் பாதி இல்லை என்றார்கள், தண்ணீரை இருமுறை கேட்க வேண்டியிருந்தது" என்ற ஒரு குறிப்பில் கிடைக்கும் செய்தி, பத்து 'அருமை'களில் கிடைக்காது. இரண்டாண்டுக்கு முந்தைய புகழுரையை ஒதுக்கிவிடுங்கள். அன்று சமைத்தவர் இன்றும் அங்கே இருக்கிறார் என்பதற்கு உறுதியில்லை.

கடைசிப் பந்தி எழுதியது:

மேலே நண்பர் சொன்னவை சரியே. ஆயினும் வார இறுதியில் எந்த உணவகம் என்பதை விட எந்த நேரம் என்பதே பெரிது என்பது என் கருத்து. நல்ல சமையலறையும் நெரிசலில் தடுமாறும். கூகுள் வரைபடத்தில் அந்தந்த உணவகத்தின் பக்கத்திலேயே, எந்த மணிக்கு எவ்வளவு கூட்டம் என்பதைக் கிழமைவாரியாகக் காட்டும் பட்டை வரைபடம் பெரும்பாலும் இருக்கும். சனிக்கிழமைக்குரியதைத் திறந்து, பட்டைகள் உயரத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். பிள்ளையின் பசிக்கும் அதுவே நல்லது. மூடும் நேரத்தை ஒட்டிப் போகாதீர்கள். கதவு அடைக்கும் முன்பே அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

அம்மாவுக்காக இன்னொன்று. உணவகத்தார் இட்ட படங்களை விட்டுவிட்டு, வாடிக்கையாளர்கள் எடுத்தவற்றைப் பாருங்கள்: வாசலில் எத்தனை படிகள், கைப்பிடி உண்டா, மேசைகளுக்கிடையே நடக்க இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அவற்றின் ஓரத்தில் தாமாகவே பதிந்திருக்கும். பிறகு வார நாளில், மதியக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, "படி ஏறாமல் உட்கார்ந்து சாப்பிட மேசை கிடைக்குமா?" என்று கேளுங்கள். 'தரைத்தளம் உண்டா' என்று மட்டும் கேட்டால் 'உண்டு' என்பார்கள். போய்ப் பார்த்தால் கீழே பணம் செலுத்தும் இடம் மட்டும் இருக்கும்.

வழிப்போக்கன் கேட்டது:

இருவருக்கும் நன்றி. தங்கும் விடுதியில் விசாரித்தால் பயன் இருக்குமா? மூன்று வேளைக்கும் முன்பதிவு செய்துவிடலாமா?

ஓரத்து இருக்கை எழுதியது:

விசாரியுங்கள், ஆனால் "எங்கே நன்றாக இருக்கும்?" என்று கேட்டால், வெளியூர்க்காரர் எல்லாருக்கும் சொல்லும் பெயரையே சொல்வார்கள். "பணி முடிந்தபின் நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்பது மேல். மூன்று வேளைக்கும் முன்பதிவு செய்தால் ஊர் சுற்றுவது போய்க் கடிகாரத்தைச் சுற்றுவதாகிவிடும். சனி இரவுக்கு மட்டும் விடுதியிலிருந்து நடந்துபோகும் தொலைவில் ஓர் இடத்தைப் பதிவுசெய்யுங்கள். மற்ற இரு வேளைக்கும், நீங்கள் அந்நேரத்தில் இருக்கப்போகும் பகுதியிலேயே இரண்டிரண்டு பெயர்களைக் குறித்து வைத்தால், ஒன்றில் கூட்டமென்றால் மற்றதற்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறார்களா என்பதை மட்டும் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வரைபடத்தில் காட்டும் நேரம் பல இடங்களில் பழையதாகவே இருக்கிறது.